இடது பக்கம் பார்த்துத் திரும்பினேன்

டென்மார்க்கில் நான் வசிக்கும் சிறு பட்டணத்தில் தமிழ்ப் பிள்ளைகள் என்னைச் ‘சைக்கிள் அன்ரி’ என்பார்கள். வேலை முதியோர் இல்லத்தில். சனிக்கிழமைகளில், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பெண்களுக்குச் சைக்கிள் பழக்கும் ஒரு சங்கத்தில் தொண்டு. யாழ்ப்பாணத்தில் அண்ணனின் சைக்கிளைத் தொட்டாலே அடி விழும். முப்பத்திரண்டு வயதில் டென்மார்க்கின் பனியில் விழுந்தெழும்பித்தான் நான் சைக்கிள் ஓடப் பழகினேன். பிந்திக் கற்றவர்களுக்கு வரும் வியாதி எனக்கும் வந்தது. விதி என்றால் விதிதான். ஈ காக்கை இல்லாத அதிகாலையிலும் சிவப்பு விளக்கில் நிற்பேன். நிற்காமல் போகிறவரைத் துரத்திப் பிடித்துப் புத்தி சொல்லுவேன். என் கணவர் என்னோடு சைக்கிளில் வருவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது.

திருச்சியில் ஓர் உறவுக் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சங்கத்தில் வாய்விட்டுவிட்டேன். “அப்படியானால் திருப்பூருக்கும் போய் வா” என்றார்கள். பிள்ளைகளின் சைக்கிள் ஓட்டத்துக்காக மஞ்சள் பனியன்களை அங்கே ஒரு சிறிய கம்பெனியில் தைக்கக் கொடுத்திருந்தோம். துணியைத் தொட்டுப் பார்த்து, அளவைச் சரிபார்த்து, ‘சரி’ சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான்கு நாள் வேலை. அதை எட்டு நாளாக்கியது என் திறமை.

கல்யாணம் முடிந்து திருப்பூர் வந்த முதல் நாள், ஆட்டோவில் ஏறியதும் இருக்கைப் பட்டியைத் தேடினேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆட்டோக்காரர் மாலைக்குள் தன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வண்டி ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் நுழைந்தபோது, “தம்பி, இது பிழையான பக்கம் எல்லோ?” என்று கேட்டேன்.

“ஆமாங்க” என்றார் அவர் பணிவாக. “சரியான பக்கமாப் போனா அரை மணி நேரம் ஆகுமுங்க.” பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, “கேரளாவுங்களா?” என்றார்.

“இல்லை, இலங்கை.”

“அதானே பாத்தேன். சுத்தமான தமிழுங்க. அதான் ஒண்ணும் புரியலீங்க.”

விடுதிக்கு எதிரே ஒரு மெஸ் இருந்தது. நடுவில் இருந்தது சாலை. பச்சை விளக்கு எரியுமென்று காத்து நின்றேன். விளக்குக் கம்பம் இருந்தது, விளக்கு எரியவில்லை. என் முன்னால் பேருந்து, லாரி, மூன்று துணி ரோல்களைச் சுமந்த ஒரு மொபெட், இரண்டு பேர் நடுவே தையல் இயந்திரத்தை இருத்திக்கொண்டு போன ஒரு பைக் என்று ஊரே போயிற்று. கடைசியில் ஒரு பெண்மணி டிபன் கேரியருடன் சாலையில் இறங்கி, ஒரு கையை மட்டும் லேசாக உயர்த்தி, யாரையும் பார்க்காமல் நடந்தார். நான் அவர் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடந்தேன். மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்துத் திரும்பிக் கடக்க ஆள் கிடைக்கும்வரை இன்னொரு காப்பி குடித்தேன்.

இரண்டாம் நாள் கம்பெனி. வேலம்பாளையத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உரிமையாளர் ஈஸ்வரமூர்த்தி ஐம்பதைத் தொட்ட மனிதர். தோட்டத்தில் பருத்தி போட்ட குடும்பம், இப்போது பனியன் தைக்கிறது. அவர் பேச்சில் பாதி ஆங்கிலம், மீதியெல்லாம் ‘ங்க’. பனியனைப் பார்க்குமுன் சாப்பிட வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோற்றில் ஊத்துக்குளி நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். “போதும்” என்று கையை மேலே தூக்கினேன். டென்மார்க்கில் சைக்கிள்காரர் அப்படிக் கை தூக்கினால் ‘நிற்கப் போகிறேன்’ என்று பொருள். இங்கே இன்னும் ஒரு கரண்டி என்று எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்ட மயக்கத்தில் என் சைக்கிள் சங்கத்தைப் பற்றி அளந்துவிட்டேன். எங்கள் ஊரில் பெரிய பதவியில் இருப்பவர்களே சைக்கிளில் வேலைக்குப் போவார்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கும் சாலைவிதி தெரியும் என்றெல்லாம். ஈஸ்வரமூர்த்தி மிகவும் ரசித்தார்.

“ஏனுங்க மேடம், நம்ம கம்பெனிப் புள்ளைங்க முக்காவாசிப் பேரு சைக்கிள்லதான் வர்றாங்க. டீ டைம்ல ஒரு பத்து நிமிஷம் நீங்க சொல்லிக் குடுத்தா நல்லாருக்குமுங்க.”

மறுக்கிற குணம் எனக்கு இருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. தேநீர் டம்ளரோடு நின்ற நாற்பது பேருக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டியின்மேல் ஏறி நின்றேன். வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்டு, இடப்பக்கம் திரும்ப இடக்கையை நீட்டு, நிற்பதற்குக் கையை உயர்த்து. எல்லோரையும் செய்து காட்டச் சொன்னேன். வடநாட்டிலிருந்து வந்த ஒரு தையல்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டிங் மாஸ்டர் எனக்கு மொழிபெயர்த்தார்: “இங்க கைய நீட்டுனா, கை மட்டும் அடுத்த ஸ்டாப்புல எறங்குமாமுங்க.”

செக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண், முப்பது வயதிருக்கும், சிரிக்காமல் கேட்டார். “அக்கா, சாயங்காலம் கம்பெனி விடுத நேரம் அத்தன சைக்கிளும் ஒண்ணாத்தான் வரும். எல்லாரும் கைய நீட்டுனா, முன்னால போறவ முதுகுலல்லா இடிக்கும்?”

அவர் பெயர் ஜெயராணி. உடன்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்து எட்டு வருடம். தைத்து வரும் பனியன்களில் குறை கண்டுபிடிப்பது வேலை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் தெரியாத வாத்தியார் செய்வதையே நானும் செய்தேன். பேச்சை மாற்றி, “உங்கட சைக்கிளில் லைட் இருக்கா?” என்று கேட்டேன். இல்லை என்றார். “பின்னுக்கு, வெளிச்சம் பட்டால் மின்னுற சிவப்பு வில்லை?” அதுவும் இல்லை. “பாருங்கோ, இப்பிடி ஓடுறது உயிரோட விளையாடுறது” என்று நாற்பது பேர் முன்னால் சொன்னேன். ஜெயராணி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஈஸ்வரமூர்த்தி கைதட்டினார்.

மூன்றாம் நாள் மதியமும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. கார் அனுப்புகிறேன் என்றார். நேற்று அவ்வளவு பேசிவிட்டு இன்று காரில் ஏறுவதா? அவர் மனைவியின் பழைய சைக்கிள் கம்பெனியில் சும்மா நின்றது. தூசி தட்டி, காற்றடித்து, பிரேக்கை இரண்டு தரம் சோதித்து, மணியை அடித்துப் பார்த்து ஏறினேன். வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். சந்து முடிந்து பெரிய சாலை வரும் இடத்தில் காலூன்றி நின்றேன். நான் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலக்கையை நீட்டினேன். இடது பக்கம் பார்த்தேன். வடிவாக, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தேன். ஒரு வண்டியும் இல்லை. சாலையின் வலது ஓரத்தை ஒட்டி அழகாகத் திரும்பினேன்.

டென்மார்க்கில் அது நூற்றுக்கு நூறு சரியான திருப்பம். அங்கே எல்லா வண்டிகளும் வலப்பக்கம்தான் ஓடும். கிட்டத்து வண்டி இடமிருந்துதான் வரும். இங்கே எல்லாம் தலைகீழ். பதினாறு வருடப் பழக்கம் என் கழுத்தை இடப்பக்கம் திருப்பியது, வண்டியை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டது. இடையில் இருந்த மூளையை யாரும் கேட்கவில்லை.

என் எதிரே, தன் ஓரத்தில், வர வேண்டிய முறையில் வந்துகொண்டிருந்தது ஜெயராணி. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்புகிறார். “எக்கா! எக்கா!” என்று மணியை விடாமல் அடித்தார். நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘இந்தப் பிள்ளை ஏன் பிழையான பக்கம் வருகிறது?’ என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது. நான் விலகவில்லை. கடைசிக் கணத்தில் அவர் சாலையின் நடுப்பக்கம் ஒடித்தார். பின்னால் வந்த துணி டெம்போ பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது. அதன் முனை சைக்கிள் கைப்பிடியைத் தட்டியது. ஜெயராணி கையை ஊன்றி விழுந்தார்.

நான் விழவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எங்கிருந்து வந்தார்களோ, ஒரு நிமிடத்தில் ஐம்பது பேர். விபத்தென்றால் பெரிய வண்டிக்காரன்தான் குற்றவாளி என்பது அங்கே எழுதப்படாத சட்டம் போலிருக்கிறது. டெம்போ டிரைவரைக் கதவைத் திறந்து இழுத்துப் போட்டார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான மனிதர். “நானில்லீங்க, அந்தக்கா எதுக்க வந்தாங்க, நா பிரேக் போட்டனுங்க” என்றார். “பொம்பளைங்க மேல வண்டிய உட்டுட்டுப் பேச்சு வேறயா?” என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் கன்னத்தில் அறைந்தார்.

நான் என் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். என் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அதிர்ச்சி என்றும் சொல்லலாம். இரண்டும் இருந்தன. ஆனால் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. குற்றம் வேறொருவர் தலையில் இறங்குகிறது என்ற ஒரு சின்ன நிம்மதி. அரை நிமிடம்தான் இருக்கும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் அது நிறைய நேரம்.

பிறகு கத்தினேன். “அவரை விடுங்கோ! நான்தான் பிழை! நான்தான் பிழை விட்டனான்!”

முன்னால் நின்றவர் திரும்பிப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்: “அக்கா பொழச்சுட்டாங்களாம்! ஒண்ணும் ஆகலையாமுங்க!”

“சாமி காப்பாத்துச்சு” என்றார் ஒரு பெண்.

யாழ்ப்பாணத்தில் பிழை என்றால் தவறு. அங்கே கூட்டத்தின் காதில் அது உயிர் பிழைத்ததாகவே விழுந்தது. இன்னொரு அறை விழுந்தது. நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே புகுந்து, டிரைவருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று, படங்களில் கேட்ட தமிழில் கத்தினேன். “தப்பு என் மேல! நான் ராங் சைடில வந்தேன்! இவர் மேல தப்பில்ல!”

கூட்டம் என்னைப் பார்த்தது. கண்ணாடி, ஓட்டப் பாதணி, தோளில் சைக்கிள்காரர் போடும் மஞ்சள் ஒளிப்பட்டி. “பாவம், பயத்துல ஏதோ பேசறாங்க” என்றது ஒரு குரல். “நல்ல மனசுங்க அவங்களுக்கு” என்றது இன்னொன்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அதையும் யாரும் நம்பவில்லை.

கடைசியில் தரையிலிருந்து ஜெயராணிதான், ஒரு கையை மற்றக் கையில் தாங்கிக்கொண்டு, எரிச்சலோடு சொன்னார். “அந்தக்கா சொல்லுதது நெசந்தான். அந்த அண்ணன விடுங்க. முதல்ல என்னத் தூக்குங்க யாராவது.”

ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கொண்டுபோனது அதே டெம்போ. டிரைவரின் கன்னம் சிவந்திருந்தது. நான் நடுவில் உட்கார்ந்து, “சொறி, சொறி” என்று இருவரிடமும் பொதுவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் எங்களை இறக்கிவிட்டு, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்.

வலது மணிக்கட்டில் விரிசல். நான்கு வாரம் கட்டு. மாவுக்கட்டு காயும்வரை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜெயராணி என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கட்டுமாக்கா? நேத்து எங்களுக்குப் பாடம் எடுத்தது நீங்கதான?”

“ஓம்.”

“லைட் இல்லன்னு என்ன எல்லாரு முன்னாலயும் வச்சு ஏசுனது?”

“ஓம். நான்தான்.”

“சரி. உறுதிப்படுத்திக்கிடத்தான் கேட்டேன்.”

ஈஸ்வரமூர்த்தி ஓடி வந்தார். சம்பளம் பிடிக்க மாட்டேன், வீட்டில் ஓய்வெடு என்று ஜெயராணியிடம் சொன்னார். என்னிடம், “மேடம், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, இது சகஜமுங்க” என்றார். சகஜம் என்ற சொல்தான் என்னை மிகவும் சுட்டது. மறுநாள் காலை நான் கம்பெனிக்குப் போனபோது, கழுத்தில் தூளிகட்டிய கையோடு ஜெயராணி செக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிறது, மேசையில் ஆள் போதாது, வீட்டில் உட்கார்ந்தால் தன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். “முதலாளி நல்லவருதான். ஆனா லைன் லீடருக்கு ஒரு தங்கச்சி இருக்கா.”

“நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன். பழம் வாங்கித் தருவது, மருந்து வாங்கித் தருவது என்றெல்லாம் மனதில் ஒரு பட்டியல் இருந்தது.

“எங்கைக்குப் பதிலா உங்க கையக் குடுங்க. கண்ணு என்கிட்ட இருக்கு.”

விமானத் தேதியை மாற்றினேன். நான்கு நாள் ஜெயராணியின் வலக்கையாக வேலை செய்தேன். சேவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் நாள் நான் நூல் வெட்டிய மூன்று பனியன்களில் ஒன்றில் துணியையும் சேர்த்து வெட்டினேன். தையல் விட்ட இடத்தை நான் தடவிக்கொண்டே இருப்பேன். ஜெயராணி பக்கத்து இருக்கையிலிருந்து, “தோள்ல பாருங்க. அங்க இல்ல, இந்தத் தோள்ல. அக்கா, இடது எது வலது எதுன்னு உங்களுக்கு எப்பவுமே இப்படித்தானா?” என்பார். மேசையே சிரிக்கும். இந்திக்காரத் தையல்காரர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் பயபக்தியோடு வலக்கையை நீட்டிவிட்டுப் போனார்.

மதியம் அவர் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை எனக்கும் ஊற்றினார். யாழ்ப்பாணக் குழம்பைப் போலவே உறைப்பு. அதைச் சொன்னேன். “கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே மீன்தான?” என்றார். எட்டு வருடத்தில் ஒரு முறைகூட விழுந்ததில்லையாம். வருகிறவன் கண்ணைப் பார்த்து ஓட்ட வேண்டும், அவன் என்ன செய்யப் போகிறான் என்பது கண்ணில் தெரியும் என்றார். “உங்க கண்ணையும் பாத்தேங்க்கா. நீங்க ஒதுங்க மாட்டியன்னு தெரிஞ்சு போச்சு. அதான் நான் ஒடிச்சேன்.”

குழம்பை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

இன்ஸ்பெக்ஷன் நல்லபடி முடிந்தது. கடைசி மாலை எங்கள் மஞ்சள் பனியன்களையும் ஜெயராணியே பார்த்தார். ஏழு பனியனை ஒதுக்கித் தள்ளினார். நானாயிருந்தால் எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லியிருப்பேன்.

எட்டாம் நாள் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ சொல்லியிருந்தேன். வரவில்லை. ரயிலுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி வாசலில் துணி இறக்கிவிட்டு ஒரு டெம்போ புறப்பட்டது. ஈஸ்வரமூர்த்தி கைகாட்டி நிறுத்தி, “சண்முகம், மேடத்தைக் கொஞ்சம் ஸ்டேஷன்ல எறக்கி உட்ருங்க” என்றார். அதே டிரைவர். நான்கு நாளாக அவரைத் தேடிக் கேட்டிருந்தேன். நான் போலீசோடு வருவேன் என்று நினைத்து வேறு டிரைவரை அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

பெட்டியை ஏற்றிவிட்டு நான் போய் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். “அது என்ற சீட்டுங்க” என்றார் சண்முகம். சுற்றிப்போய் மறுபக்கம் ஏறினேன்.

பாதி வழியில் அவரே கேட்டார். “உங்க ஊர்ல நெசமாலுமே அந்தப் பக்கந்தான் ஓட்டுவாங்களா?”

“ஓம். எல்லாரும்.”

“அப்ப உங்க மேல முழுத் தப்புன்னு சொல்ல முடியாதுங்க” என்றார். பெருந்தன்மையான மனிதர். அந்த ஒரு வாசல் திறந்ததும், ஐந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். பழக்கதோஷத்தை, மூளை வேலை செய்யாமல் போனதை, எங்கள் ஊரில் நான் பாடம் நடத்துகிறவள் என்பதை. பிறகு முக்கியமானதையும் சொன்னேன். “உங்களை இழுத்து அடிக்கேக்க எனக்குத் தெரியும், பிழை என்னோடதெண்டு. தெரிஞ்சும் கொஞ்ச நேரம் பேசாம நிண்டனான். அதுக்கு நீங்கள் என்னை மன்னிக்கவேணும்.”

அவர் ஸ்டேஷன் வளைவில் வண்டியைத் திருப்பினார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மறுபடி வலப்பக்கம் பார்த்தார். ஓரமாக நிறுத்தி என் பெட்டியை இறக்கி வைத்தார்.

“அந்தச் சட்டை போன தீவாளிக்கு எடுத்ததுங்க. மொத அடியிலயே நீங்க சொல்லியிருந்தா, காலர் கிழிஞ்சிருக்காதுங்க.”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எண்ணி நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “போயிட்டு வாங்க, பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டு, மரியாதை குறையாமல் கும்பிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.